வாடலின் பெயர்கள்: ஆத்தூர் – ஆறுமுகநேரி வட்டார வெற்றிலைக் கொடிக்கால்களை முன்வைத்துத் தமிழ்ப் பயிர்நோய்ச் சொல்லாட்சி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் பயிர்நோய்கள் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படும் அறிகுறியைக் கொண்டே பெயர் பெற்றுள்ளன. வாடல், அழுகல், கருகல், துரு, சாம்பல் ஆகியவை அவ்வகையின. இப்பெயர்கள் வயலுக்கு நெருக்கமானவை; எனினும் வேறுவேறு உயிர்ப்பிரிவுகளைச் சேர்ந்த நோய்க்காரணிகளை ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகின்றன. அதனால் மருந்துத் தேர்வு, பயிர்வகைத் தேர்வு, மண் மேலாண்மை ஆகிய மூன்றிலும் பிழை நேர வழியுண்டாகிறது. தாமிரபரணிக் கடைமடைப் பகுதியான ஆத்தூர் – ஆறுமுகநேரி வட்டாரத்து வெற்றிலை, வாழைச் சாகுபடியைச் சான்றாகக் கொண்டு, ‘வாடல்’, ‘பூஞ்சை’, ‘நாட்டுக்கொடி’ என்னும் மூன்று பெயர்களின் ஆற்றலையும் வரம்பையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அறிகுறிப் பெயர்களைக் கைவிடாமல், அவற்றோடு காரணியின் பெயரையும் இணைக்கும் ஈரடுக்குப் பெயரீட்டு முறையை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்

வெற்றிலை, கொடிக்கால், வாடல் நோய், பூஞ்சை, பூஞ்சைப்போலி, கலைச்சொல்லாக்கம், புவிசார் குறியீடு, பயிர் மரபியல்.

முன்னுரை

தமிழ்க் கலைச்சொல்லாக்கம் பற்றிய ஆய்வுகள் சொல்லின் தூய்மை, வேர், எளிமை, ஒலியமைப்பு ஆகியவற்றையே பெரிதும் அளவுகோல்களாகக் கொண்டுள்ளன. ஒரு சொல் தமிழ் வேரிலிருந்து பிறந்ததா, கடன் பெற்றதா, மாணவருக்கு எளிதில் விளங்குமா என்னும் வினாக்கள் தேவையானவையே. ஆயினும் பயன்பாட்டு அறிவியல் துறைகளில் வேறொரு வினாவும் எழுதல் வேண்டும். ஒரு சொல்லைக் கேட்டவர் அடுத்துச் செய்யும் செயல் சரியாக அமைகிறதா என்பதே அவ்வினா. மருத்துவத்தில் இதன் இன்றியமையாமை எளிதில் உணரப்படும். காய்ச்சல் என்பதை ஒரு நோயின் பெயராகக் கொண்டு எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மருந்து தருவதை எவரும் ஏற்கமாட்டார். பயிர் மருத்துவத்திலோ ‘வாடல்’ என்னும் சொல் இன்றும் ஒரு நோயின் பெயராகவே வழங்குகிறது.

இச்சிக்கலை ஆராய்வதற்கு ஏற்ற களமாக ஆத்தூர் – ஆறுமுகநேரி வட்டாரம் அமைகின்றது. இங்கு வெற்றிலையும் வாழையும் ஒரே வாய்க்காலின் நீரில் அடுத்தடுத்து வளர்கின்றன. இரண்டையும் ‘வாடல்’ தாக்குகின்றது. ஆனால் அவ்விரு வாடல்களுக்கும் இடையே உயிரியல் அடிப்படையில் உறவேதும் இல்லை.

ஆய்வுக் களம்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே தாமிரபரணி தன் கடைசிப் பாசனப் பரப்பை நனைத்துவிட்டுப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கின்றது. ஆத்தூர்ப் பகுதி நன்செய். வாழைத் தோட்டங்களும் கொடிக்கால்களும் நிறைந்தது. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆறுமுகநேரியோ உப்பளங்களின் ஊர். தெற்கே திருச்செந்தூரை ஒட்டிச் செம்மணல் தேரியும் பனங்காடுகளும் விரிகின்றன. நன்னீர், உவர்நீர், வறண்ட மணல் என மூன்று நில இயல்புகள் இவ்வளவு குறுகிய பரப்பில் நெருங்கியிருப்பது குறிப்பிடத்தக்கது. நீர் தேங்கினால் அழுகலும், நீர் குறைந்தால் உவர்ப்பும் பயிரைத் தாக்கும் நிலை இது.

2023ஆம் ஆண்டு இவ்வட்டாரத்திற்கு இரு வகையில் குறிப்பிடத்தக்கதாயிற்று. அவ்வாண்டில் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில், ஆறுமுகநேரியை அடுத்த காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணியின் கீழ்ப்பகுதி வெள்ளக்காடானது. குறியீடு வெற்றிலையின் பெயருக்குக் காப்பளித்தது. ஆனால் நீர் தேங்கிய மண்ணில் வெற்றிலைக் கொடிக்கு நேரும் கேடு பெயர்க்காப்பினால் தடுக்கக்கூடியதன்று. கொடியைக் காக்க வேண்டுமாயின் அதைத் தாக்குவது எது என்பதைச் சரியாகச் சொல்லும் மொழி வேண்டும்.

ஒரு பெயர், மூன்று காரணிகள்

வாழையின் வாடல் நோய்க்குக் காரணம் ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்னும் மெய்ப்பூஞ்சை. அது வேர்வழி நுழைந்து, நீர் கடத்தும் குழாய்களைப் பற்றிப் பரவுகின்றது. தாக்கப்பட்ட வாழையின் தண்டைப் பிளந்து பார்த்தால் குழாய்த் திசுக்கள் செம்பழுப்பு நிறக் கோடுகளாகத் தெரியும். அதன் தடித்த சுவருடைய ஓய்வு வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிர்த்திருக்கக் கூடியவை. இரசுதாளி இந்நோய்க்கு எளிதில் ஆட்படும். பூவன் பெரிதும் தாங்கும். இந்நோயைப் பொறுத்தவரை மருந்தைவிட வகைத் தேர்வே முதன்மையான காப்பு.

வெற்றிலையின் வாடலுக்கு முதன்மைக் காரணம் ஃபைட்டோஃப்தோரா. இது கொடியின் அடிப்பகுதியையும் வேரையும் அழுகச் செய்கிறது. மண்ணையொட்டிய கணுவிடைகள் கருத்து மென்மையாகி, பட்டை கழன்று நார் மட்டும் எஞ்சும். இலைகள் தொய்ந்து மஞ்சளாகி உதிரும். மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது வாடல்; கீழே நிகழ்ந்திருப்பதோ அழுகல். வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் ஈரமும் குளிர்ச்சியும் இதன் பரவலுக்குத் துணைசெய்கின்றன. இதன் இயங்குவித்துகள் இரண்டு கசையிழைகளைக் கொண்டவை. மண்ணின் ஈரப்படலத்தில் நீந்திச் சென்று வேரைப் பற்றுபவை. எனவே வடிகால் என்பது இங்குத் துணை நடவடிக்கையன்று, நோய்த்தடுப்பின் முதற்படி.

கத்தரி, தக்காளி ஆகியவற்றைத் தாக்கும் வாடலுக்கு ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியா காரணமாகலாம். வாடிய செடியின் தண்டை நறுக்கித் தெளிந்த நீரில் நிறுத்தினால் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற கசிவு இழையாக இறங்கும். உழவர் தம் தோட்டத்திலேயே ஒரு கண்ணாடிக் குவளையைக் கொண்டு செய்துபார்க்கக்கூடிய சோதனை இது.

வெற்றிலைக்குள்ளேயே இன்னொரு குழப்பமும் உண்டு. ஸ்கிளிரோசியம் என்னும் மெய்ப்பூஞ்சையும் கொடியின் அடியைத் தாக்கி வாடச் செய்யும். அடித்தண்டில் வெண்ணிற இழைப்படலமும், அதன்மீது கடுகு போன்ற உருண்டைகளும் தோன்றுவதைக் கொண்டு அதனைப் பிரித்தறியலாம். ஒரே கொடிக்காலில் இருவேறு கொடிகள் இருவேறு காரணிகளால் வாடக்கூடும் என்பதை இதனால் அறியலாம்.

மெய்ப்பூஞ்சை, பூஞ்சை அல்லாத ஓர் இழையுயிரி, பாக்டீரியா ஆகிய மூன்றையும் ‘வாடல்’ என்னும் ஒரு சொல் தாங்கிநிற்கிறது. சொல் பிழையானது அன்று. அது கூறுவது உண்மையே. ஆனால் கூற வேண்டியதன் பாதியை மட்டுமே அது கூறுகிறது.

‘பூஞ்சை’ என்னும் சொல்லின் வரம்பு

காளான், பூசணம், பூஞ்சணம், பூஞ்சாணம், பூஞ்சை எனப் பல சொற்கள் இத்துறையில் வழங்கிவருகின்றன. இலங்கைப் பாடநூல்கள் ‘பங்கசு’ என்னும் ஒலிபெயர்ப்பை மேற்கொண்டுள்ளன. தமிழகப் பள்ளி, கல்லூரி வழக்கில் ‘பூஞ்சை’ நிலைபெற்றுள்ளது. வேளாண் விரிவாக்க எழுத்துகளில் ‘பூசணம்’, ‘பூசணக்கொல்லி’ ஆகியவையும் செல்வாக்குடையன. பேச்சு வழக்கில் காளான் மண்ணில் முளைப்பது. பூசணம் பழைய உணவிலும் ஈரச் சுவரிலும் பூப்பது. ‘பூஞ்சை உடம்பு’ என்னும்போது அச்சொல் வலுவின்மையைக் குறிக்கின்றது. ஆக, அறிவியல் ‘பூஞ்சை’ என்று ஒன்றுபடுத்தும் உயிர்த்தொகுதியை வழக்குத்தமிழ் முளைக்கும் இடம்நோக்கிப் பிரித்தே கண்டுள்ளது.

சொற்பன்மை தன்னளவில் குறையன்று. சிக்கல், பொதுச்சொல்லின் எல்லை எங்கு முடிகிறது என்பதில்தான் உள்ளது. ஃபைட்டோஃப்தோராவும் அதன் உறவுகளும் இழைவடிவில் வளர்ந்து வித்துகளால் பரவுவதால் நெடுங்காலம் பூஞ்சைகளாகவே கொள்ளப்பட்டன. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழிக்கத் தொடங்கிய உயிரிக்கு, 1876இல் ஆன்டன் டி பாரி, ‘பயிரழிப்பி’ என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொற்களால் ஃபைட்டோஃப்தோரா எனப் பெயரிட்டார். இந்தியாவில் பூசா ஆய்வு நிலையத்தின் பூஞ்சையியலாளர் இ. ஜே. பட்லர், பனையின் குருத்தழுகலுக்குக் காரணமான உயிரியை 1907இல் பித்தியம் என்னும் பேரினத்தில் வைத்து விவரித்தார். 1919இல் அதனை அவரே ஃபைட்டோஃப்தோராவுக்கு மாற்றினார். ஜே. எஃப். தஸ்தூர் 1913இல் ஆமணக்கைத் தாக்கும் ஃபைட்டோஃப்தோரா இனமொன்றை விவரித்தார். இவ்வுயிரிகளைப் பற்றிய அடிப்படை அறிவின் ஒரு பகுதி இந்திய மண்ணில் உருவானதே என்பதற்கு இவை சான்றுகள்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றின் இடம் மாறியது. மெய்ப்பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் முதன்மைக் கூறாக அமைகின்றது. இவற்றின் சுவரிலோ செல்லுலோசும் குளுக்கான்களும் அமைகின்றன. மரபணு ஒப்பீடு இவற்றைப் பழுப்புப் பாசிகள், டயாட்டம்கள் ஆகியவற்றின் கிளையில் சேர்த்தது. ஆத்தூர்க் கொடியின் அடியை அழுகச் செய்யும் உயிரி, தேரிக்காட்டில் மழைக்குப் பின் முளைக்கும் காளானைவிட, மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்போர் கட்டக்கோரை என்று குறிக்கும் பழுப்புப் பாசிக்கே உறவில் நெருங்கியது. இவ்வுண்மையைத் தமிழில் சொல்வதற்குத் தடையேதும் இல்லை. எனினும் ‘பூஞ்சை நோய்கள்’ என்னும் தலைப்பின்கீழ் இரண்டையும் வேறுபாடின்றி அடுக்கும் முறை வழக்கிலிருந்து நீங்கவில்லை.

இதே குறையைப் பெயரளவில் காட்டும் மற்றோர் இணை ‘சாம்பல் நோய்’, ‘அடிச்சாம்பல் நோய்’ என்பன. பெயர்களை நோக்குவோர் இரண்டாவதை முதலாவதன் ஒரு வகை என்றே கொள்வர். சாம்பல் நோய்க்குக் காரணம் மெய்ப்பூஞ்சை. அடிச்சாம்பல் நோய்க்குக் காரணம் ஃபைட்டோஃப்தோராவின் உறவு. இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலப் பெயர்களிலும் இது உண்டு. ஆங்கிலத்தில் கற்போருக்கு அப்பெயரைத் திருத்தும் விளக்கங்கள் அருகிலேயே கிடைக்கின்றன. தமிழில் கற்போருக்குப் பெயரே பெரும்பாலும் முழு விளக்கமாக நின்றுவிடுகிறது. எனவே பிழை ஒன்றாயினும் விளைவு ஒன்றன்று.

‘கொல்லி’யின் மொழியும் அதன் விளைவும்

பெயர்க் குழப்பத்தின் விலை உரக்கடையில் தெரியவருகின்றது. ‘வாடலுக்கு மருந்து’ என்று கேட்பவருக்குக் கார்பெண்டசிம் தரப்படலாம். அது வாழையின் ஃபியூசேரியம் வாடலுக்குப் பரிந்துரைக்கப்பட்டுவந்த மருந்து. மெய்ப்பூஞ்சைகள் பலவற்றின் செல்பிரிவுக்குத் தேவையான நுண்குழல் புரதத்தைத் தாக்கி அது செயல்படுகிறது. ஃபைட்டோஃப்தோராவின் மீது அதற்கு ஆற்றல் இல்லை. எர்கோஸ்டீரால் உருவாவதைத் தடுக்கும் அசோல் வகை மருந்துகளின் நிலையும் அதுவே. ஃபைட்டோஃப்தோரா தானாக ஸ்டீராலை உருவாக்குவதே இல்லை. மாறாக, மெட்டலாக்சில் ஃபைட்டோஃப்தோரா வகை உயிரிகளின் ஆர்.என்.ஏ. உருவாக்கத்தைத் தடுக்கும், மெய்ப்பூஞ்சைகளிடம் அது செல்லாது. இம்மருந்துகள் அனைத்துக்கும் தமிழில் ‘பூஞ்சைக்கொல்லி’ என்பதே பொதுப்பெயர்.

தவறான மருந்தால் பணம் மட்டுமே வீணாகும் எனில் இழப்பு சிறிதே. நிகழக்கூடியது அதனினும் கேடானது. வெற்றிலை வாடலைத் தடுக்க வேப்பம் பிண்ணாக்குடன் டிரைக்கோடெர்மா இடுவது பரிந்துரைக்கப்படும் முறை. டிரைக்கோடெர்மா ஒரு மெய்ப்பூஞ்சை. நோய்க்காரணிகளோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிட்டும், அவற்றின் இழைகளைப் பற்றி அழித்தும் பயிரைக் காப்பது. கார்பெண்டசிம் அதன் வளர்ச்சியைக் கடுமையாக ஒடுக்கக்கூடியது. ஆகவே ‘பூஞ்சை நோய்க்குப் பூஞ்சைக்கொல்லி’ என்னும் நேர்த்தியான தொடரை நம்பிக் கொடிக்காலில் கார்பெண்டசிம் ஊற்றுபவர், பகையைத் தொடாமல் விட்டு நட்பை அழிக்கிறார். அவர் செய்தது கவனக்குறைவு அன்று. கற்பிக்கப்பட்ட சொல் காட்டிய வழியில் அவர் சென்றார் என்பதே உண்மை.

இவ்விடத்தில் போர்டோக் கலவையின் வரலாறு ஒப்புநோக்கத்தக்கது. மயில்துத்தமும் நீற்றிய சுண்ணாம்பும் சேர்ந்த இக்கலவையை 1885இல் பிரான்சில் மில்லார்தே அறிவித்தார். அது வென்ற முதல் நோய் திராட்சையின் அடிச்சாம்பல். அதாவது மெய்ப்பூஞ்சையால் வராத நோய். செம்பு பலவகை உயிரிகளுக்கும் நஞ்சாதலால் காரணியை நுட்பமாகப் பிரித்தறியாமலே அதனைப் பயன்படுத்த முடிந்தது. வெற்றிலைக் கொடிக்காலில் இன்றும் அதற்கு இடமுண்டு. பொதுநஞ்சின் காலத்தில் பொதுப்பெயர் போதியதாயிருந்தது. குறிப்பிட்ட புரதத்தையோ நொதியையோ இலக்காகக் கொள்ளும் மருந்துகளின் காலத்திலும் அப்பொதுப்பெயரையே தொடர்வதுதான் முரண்.

‘கொல்லி’ என்னும் ஈறு வேறொரு கருத்துச் சாய்வையும் உருவாக்குகிறது. பூஞ்சை என்றாலே கொல்லப்பட வேண்டியது என்னும் எண்ணம் அதனால் நிலைபெறுகிறது. உலகில் பூஞ்சையினங்கள் 15 இலட்சம் இருக்கலாம் என ஹாக்ஸ்வொர்த் 1991இல் கணித்தார். 2017இல் அவரும் லூக்கிங்கும் அதனை 22 முதல் 38 இலட்சமாக உயர்த்தினர். இதுவரை விவரிக்கப்பட்டவை ஏறத்தாழ ஒன்றரை இலட்சமே. இவற்றுள் மட்குப்பொருளைச் சிதைப்பவை, வேரோடு கூடிப் பாஸ்பரசைப் பயிருக்குச் சேர்ப்பவை, பிற நோய்க்காரணிகளை அடக்குபவை எனப் பல திறத்தன உள்ளன. இப்பன்மையைத் தமிழில் பேசுவதற்கு நோயியலின் சொற்கோவை மட்டும் போதாது.

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி. எஸ். சதாசிவனும் அவர் மாணவர்களும் பருத்தியின் ஃபியூசேரியம் வாடல் குறித்தும் அதில் ஃபியூசேரிக் அமிலத்தின் பங்கு குறித்தும் செய்த ஆய்வுகள் உலக அளவில் மதிக்கப்பட்டவை. சி. வி. சுப்பிரமணியன் 1971இல் வெளியிட்ட ‘ஹைஃபோமைசீட்ஸ்’ என்னும் நூல் இந்தியப் பூஞ்சைப் பன்மையின் பெரும் ஆவணங்களுள் ஒன்று. வாடல் என்றால் என்ன, செடி நீரின்றி வாடுகிறதா, நஞ்சால் வாடுகிறதா என்னும் வினா சென்னையிலேயே ஆழ்ந்து விவாதிக்கப்பட்டது. அவ்விவாதம் ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. தமிழுக்கு வந்துசேர்ந்தவை பெரும்பாலும் முடிவுகளும் பெயர்களுமே. பெயருக்குப் பின்னிருந்த வினா வரவில்லை. கலைச்சொல்லாக்கத்தைச் சொற்பட்டியலாக்கமாகக் கருதியதன் விளைவாக இதனைக் காணலாம்.

அறிகுறிப் பெயர்களின் நியாயம்

மேற்கண்டவற்றால் அறிகுறிப் பெயர்களை நீக்கிவிட்டு இலத்தீன் பெயர்களை ஒலிபெயர்த்துக்கொள்ளலாம் என்னும் முடிவுக்கு வருதல் பொருந்தாது. அதற்கு இரு காரணங்கள் உண்டு.

முதலாவது, இலத்தீன் பெயர்கள் நிலையானவையல்ல. நெல்லின் குலை நோய்க்குக் காரணமான பூஞ்சை பைரிகுலேரியா எனவும் மேக்னபோர்த்தே எனவும் வெவ்வேறு காலங்களில் வழங்கியது. அதன் இனப்பெயரும் மாறியது. ‘குலை நோய்’ என்னும் தமிழ்ப்பெயரோ மாறவில்லை. 1918ஆம் ஆண்டளவில் தஞ்சைக் காவிரிப் படுகையில் இந்நோய் பரவியபோதும், பின்னர் ஏ.டி.டி. 10 என்னும் குறங்குச் சம்பா இந்நோய்க்கு ஆட்பட்டபோதும், நோய் தாங்கும் கோ 4 வகையை அதனோடு கலந்து கோ 25 போன்ற புதிய வகைகள் உருவாக்கப்பட்டபோதும் உழவரும் அறிவியலாளரும் ஒரே நோயைப் பற்றிப் பேசுவதற்குப் பாலமாயிருந்தது அறிகுறிப் பெயரே. ஓர் அறிகுறிக்கு ஒரே முதன்மைக் காரணி இருக்கும் இடத்தில் அறிகுறிப் பெயர் வலுவானது. பல காரணிகள் உள்ள இடத்தில்தான் அது வழுவுகிறது. குலை நோய்க்கும் வாடலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இரண்டாவது, அறிகுறிப் பெயர் கவனிப்பைக் கோருகிறது. ‘துரு’ என்னும் சொல் இலையைத் தடவிப் பார்க்கச் செய்யும். ‘கரிப்பூட்டை’ கதிரை உதிர்த்துப் பார்க்கச் செய்யும். ஒலிபெயர்ப்புச் சொற்களுக்கு இத்தகைய கைப்பழக்கம் இல்லை. இலங்கையின் ‘பங்கசு’ பன்னாட்டுச் சொல்லோடு நேரே பொருந்துவதால் தொகுதியின் எல்லையைப் பற்றி ஐயம் எழாது. ஆனால் அச்சொல் எதையும் காட்டித் தராது. துல்லியம், காட்சி ஆகிய இரண்டில் ஒன்றையே தேர வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

கொடியின் பெயரும் மரபணுவும்

நோயின் பெயரில் காணும் சிக்கல் பயிரின் பெயரிலும் உண்டு. ஆத்தூர்ப் பகுதியில் நாட்டுக்கொடி, கற்பூரி, பச்சைக்கொடி ஆகிய வகைகள் பயிராகின்றன. தமிழகத்தின் பிற பகுதிகளில் வெள்ளைக்கொடி, அந்தியூர்க்கொடி, சிறுகமணி 1 முதலியன வழங்குகின்றன. இப்பெயர்களுள் சில நிறத்தையும், சில மணத்தையும், சில ஊரையும் குறிக்கின்றன. ‘நாட்டு’ என்னும் அடையோ இவற்றுள் எதையும் குறிப்பதில்லை. அது வந்தேறிய வகையிலிருந்து வேறுபட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. ஓர் ஊரின் நாட்டுக்கொடியும் மற்றோர் ஊரின் நாட்டுக்கொடியும் ஒரே வகையாக இருக்க வேண்டுவதில்லை. வேறு பெயர் கொண்ட இரண்டு ஒரே வகையாகவும் இருக்கலாம்.

வெற்றிலையின் இனப்பெருக்க முறை இவ்வையத்தை மேலும் முக்கியமாக்குகிறது. வெற்றிலையில் ஆண்கொடியும் பெண்கொடியும் தனித்தனி. சாகுபடியில் விதை பயன்படுவதில்லை. முதிர்ந்த கொடியை வெட்டி விதைக்கொடியாக நடுவதே முறை. எனவே ஒரு தாய்க்கொடியிலிருந்து வந்த கொடிக்கால் முழுவதும் மரபியல் நோக்கில் ஏறத்தாழ ஒரே செடி. சுவையும் மணமும் தலைமுறைதோறும் மாறாமல் நிற்பதற்கு இதுவே காரணம். ஒரு கொடிக்கு ஆகாத நோய் எல்லாக் கொடிக்கும் ஆகாமற் போவதற்கும் இதுவே காரணம். விதைக்கொடி ஊர்விட்டு ஊர் செல்கையில் அதன் கணுவில் ஒட்டிய நோயும் உடன் செல்லும்.

இவ்விடத்தில் புவிசார் குறியீட்டின் மொழி ஆய்வுக்குரியது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம், ஒரு பொருளின் தரம், புகழ் அல்லது பிற இயல்பு அது தோன்றிய நிலப்பகுதியால் அமைவதையே காக்கின்றது. ஆத்தூர் வெற்றிலையின் காரத்தையும் மணத்தையும் தாமிரபரணி நீரோடும் மண்ணோடும் இணைத்துப் பேசும் வழக்கு இச்சட்ட மொழிக்கு இயைந்தது. 2001ஆம் ஆண்டின் பயிர்வகைப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமோ வகையின் தனித்தன்மை, ஒருபடித்தன்மை, நிலைப்புத்தன்மை ஆகியவற்றை நோக்குகிறது. உழவர் பேணிய வகைகளையும் பதிவுசெய்ய இடமளிக்கிறது. முன்னது ‘எங்கு விளைந்தது’ என்று வினவுகின்றது. பின்னது ‘எது விளைந்தது’ என்று வினவுகின்றது. ஆத்தூர் வெற்றிலை பற்றிய பொதுவெளிப் பேச்சில் முதல் வினாவே ஓங்கியுள்ளது.

ஃபைட்டோஃப்தோராவைத் தாங்கும் ஒரு கொடி வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டு ஆத்தூர் மண்ணில் நடப்பட்டால் அது ஆத்தூர் வெற்றிலையா என்பது இனி எழக்கூடிய வினா. மண்ணே இயல்பைத் தருகின்றது எனில் ‘ஆம்’ என்றும், கொடியே தருகின்றது எனில் ‘இல்லை’ என்றும் விடை அமையும். இரண்டின் பங்கையும் அளந்தறியாமல் நீரின் சிறப்பை மட்டும் போற்றும் மொழி இவ்வினாவைத் தள்ளிப்போடுமேயன்றித் தீர்க்காது. இங்குள்ள கொடிகளின் மரபணு அடையாளத்தை ஆவணப்படுத்துதலும், அவற்றுள்ளேயே நோய் தாங்கும் கிளைகள் உள்ளனவா என்று தேடுதலும் முதற்பணிகளாதல் வேண்டும். வல்லநாட்டையடுத்த கிள்ளிக்குளத்தில் வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இம்மாவட்டத்திலேயே அமைந்திருப்பது இப்பணிக்கு வாய்ப்பானது. ஒரு வெள்ளத்தில் அழியும் நாட்டுக்கொடிக்குப் பதிலாகப் பெயரளவில் அதையொத்த வேறொரு கொடி நடப்படுமாயின், பெயர் பிழைத்திருக்கும், பெயருக்குரியது பிழைத்திருக்காது.

மாற்றுப் பெயரீட்டுக்கான அளவுகோல்

ஒரு பயிர்நோய்ப் பெயர் இரு அடுக்குகளைக் கொண்டிருத்தல் நலம். முதலடுக்கு அறிகுறி, இரண்டாம் அடுக்கு காரணியின் தொகுதி. இதன்படி ‘வாழைப் பூஞ்சை வாடல்’, ‘கத்தரிப் பாக்டீரிய வாடல்’ எனப் பெயரிடலாம். பாக்டீரியாவைப் பொறுத்தவரை இம்முறை ஏற்கெனவே ஓரளவு வழக்கில் உள்ளது. இடர்ப்பாடு ஃபைட்டோஃப்தோரா தொகுதிக்குத்தான்.

‘நீர்ப்பூஞ்சை’ என்பது ஒரு வாய்ப்பு. நீரின் பங்கை முன்னிறுத்துவதால் வடிகாலின் தேவையை அச்சொல்லே நினைவூட்டும். ஆனால் அதுவும் ‘பூஞ்சை’ என்றே முடிவதால் பூஞ்சைக்கொல்லி பற்றிய குழப்பம் தொடரும். ‘பூஞ்சைப்போலி’ என்பது மற்றொன்று. தமிழ் இலக்கண மரபில் போலி என்பது இகழ்ச்சிச் சொல்லன்று. ஒன்றின் இடத்தில் அதுபோல நிற்கும் மற்றொன்றை அது குறிக்கும். பூஞ்சையின் வடிவில் நின்று பூஞ்சையாகாத உயிரிக்கு அது பொருந்தும். பூஞ்சையன்று என்னும் எச்சரிக்கையும் அதில் அடங்கியுள்ளது. பாடநூலுக்குப் ‘பூஞ்சைப்போலி’யும், வயல் வழக்குக்கு ‘வெற்றிலை நீர்வாடல்’ என்பதும் ஏற்றவை. பின்னது, நீரின்மையால் வந்த வாட்டம் என்று கருதி மேலும் நீர் பாய்ச்சுவதைத் தடுக்கும். வாடிய கொடிக்கு நீர் விடத் தோன்றுவது இயல்பு. இந்நோயிலோ அவ்வியல்பே கேடு செய்யும். ஆதலின் இங்குப் பெயரே முதல் அறிவுரையாக அமைகின்றது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பெயரை நீட்டினால் உழவர் பழைய ‘வாடல்’ என்றே சொல்வர் என்பது அது. அது நேர்ந்தாலும் இழப்பில்லை. உழவரின் சொல்லை மாற்றுவது நோக்கமன்று. ‘வாடல்’ என்று கேட்டதும் ‘எந்த வாடல்?’ என்று திரும்பக் கேட்கும் பழக்கம் விரிவாக்க அலுவலரிடமும் உரக்கடைக்காரரிடமும் உருவாக வேண்டும். மூவகை வாடலின் பெயர்களும் மருந்துப் பொதியின் தமிழ்க் குறிப்பில் தனித்தனியே நின்றால் அவ்வினா தானே எழும்.

முடிவுரை

‘வாடல்’ என்னும் சொல் கண்டதைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. ‘பூஞ்சை’ என்னும் சொல் காரணத்தைச் சொல்ல முற்பட்டு, தன் எல்லைக்குள் அடங்காத உயிரியையும் உட்கொள்கிறது. ‘நாட்டுக்கொடி’ என்னும் பெயர் உரிமையைச் சொல்கிறது, அடையாளத்தைச் சொல்லவில்லை. இம்மூன்று குறைகளும் ஆத்தூர் – ஆறுமுகநேரி வட்டாரத்தின் ஒரு கொடிக்காலில் ஒருசேரச் சந்திக்கின்றன. அங்கு நேரும் பிழையின் சுமை, பெயரிட்டவர் மீதன்றி நட்டவர் மீதே விழுகின்றது.

கலைச்சொல்லாக்க ஆய்வுகள் வேர்ச்சொல் ஆராய்ச்சியோடு நில்லாமல், சொல் வழிநடத்தும் செயலையும் மதிப்பிடத் தொடங்க வேண்டும் என்பது இதனால் பெறப்படுகின்றது. தமிழ்த்துறையும் பயிர்நோயியல் துறையும் இணைந்து, மாவட்ட அளவில் நோய்ப்பெயர்களையும் கொடிப்பெயர்களையும் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணியையும் மரபியல் அடையாளத்தையும் சேர்த்து ஆவணப்படுத்துவது மேலாய்வுக்குரிய களம். குறியீடு பெற்ற வெற்றிலையும் அதனையடுத்துள்ள வாழையும் ஒரே நீரில் வளரும் இவ்வட்டாரத்திலிருந்து அப்பணியைத் தொடங்குவது பொருத்தமாகும்.